மீற்றர் 12 வோல்ட் காட்டும், டிக்கி திறக்காது

பழைய கார் வைத்திருக்கிறவர்களிடம் டிக்கியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். ஒருவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே பின்பக்கத்தில் இரண்டு குத்து விடுவார். இன்னொருவர் கடைசியாக எப்போது டிக்கியைத் திறந்தார் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயா மூடியைக் கயிற்றால் கட்டியே காலத்தை ஓட்டுகிறார். கராஜுக்குப் போனால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "லொக் போயிட்டு, புதுசு போடவேணும்."

நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். லொக் அவ்வளவு லேசில் போகாது. அதற்குக் கரண்ட் போய்ச் சேருகிற வழிதான் முதலில் கெடும். அதுவும் திருகோணமலை மாதிரி மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில், செம்பும் இரும்பும் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். கார் 1999இல் வந்த நிசான் சன்னி, இங்கே எஃப்.பி. 15 என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைக்காலத்தில் என் காருக்கு வயதும் கூடியது, விலையும் கூடியது. விற்றால் அதே மாதிரி இன்னொன்று வாங்க முடியாது என்ற நிலைமையில், இருப்பதைப் பழுதுபார்த்து ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போது இறக்குமதி திறந்துவிட்டது, உண்மைதான். வரி சேர்த்துச் சொல்லுகிற விலையைக் கேட்டதும் சன்னிமேல் எனக்கு இன்னும் பாசம் கூடிவிட்டது.

இந்தக் காரின் டிக்கியைத் திறக்க மூன்று வழி இருந்தது. சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு நெம்பு, அதிலிருந்து பின்னுக்குப் போகும் கேபிள். அது கார் செய்தவர்கள் வைத்தது. பிறகு மூடியில் இருக்கிற சாவித் துவாரம். மூன்றாவது, எனக்கு முன் வைத்திருந்தவர் அலாரம் பூட்டியபோது சேர்த்துப் போட்ட சொலினோயிட், அதாவது கரண்ட் போனதும் உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கிற கம்பிச் சுருள். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் "டக்" என்று மூடி எழும்பும். ரிமோட் இருக்கிறதென்றால் குனிந்து நெம்பை இழுப்பது யார்? கேபிள் உறைக்குள் துருவேறி இறுகி, ஒருநாள் நெம்போடு கையில் வந்தது. சாவித் துவாரமும் பாவிக்காமல் கிடந்து உப்புக் கட்டிவிட்டது. மிஞ்சியது ரிமோட் ஒன்றுதான்.

அந்த ஒன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுத்துவிட்டது. கச்சான் காற்று அனலாய் அடிக்கிற காலம். டிக்கிக்குள்ளே மீன் சந்தையில் வாங்கிய அறக்குளா, ஐஸ்கூட இல்லாமல் ஒரு பையில். உப்புவெளியில் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி பட்டனை அழுத்தினேன். பின்பக்கத்தில் "டிக்" என்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். நான் மறுபடி மறுபடி அழுத்திக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து இவர், என் வீட்டுக்காரர், சொன்னார், "முதல்ல மீனை எடு, பிறகு பௌதிகவியலைப் பார்."

மீனை எடுத்தது பின் ஆசனத்தின் வழியாக. என் காரில் இருக்கை மெத்தையின் முன் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தால் கிளிப்பிலிருந்து கழன்று வரும். முதுகுப் பக்கச் சாய்மானத்தை அடியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி மேல் நோக்கித் தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபடும். அதற்குப் பின்னால் தகரச் சட்டம், இடையிடையே பெரிய துளைகள். தங்கச்சியின் மகன், தரம் 7 படிக்கிறவன், ஒல்லியான உடம்பு. டோச் லைட்டையும் ஸ்குரூட்ரைவரையும் கொடுத்து உள்ளே அனுப்பினேன். "பெரியம்மா, இங்க மீன் மணக்குது" என்று அறிக்கை வந்தது. லொக்கின் பக்கத்தில் சொலினோயிட்டின் தண்டு போய்ச் சேருகிற சின்ன நெம்பைக் காட்டிக் கொடுத்தேன். அவன் தள்ளியதும் மூடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் எழும்பியது. அந்த இடத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒரு சின்னப் பையனின் விரலுக்கு அசைகிற லொக், பழுதான லொக் அல்ல.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரிமோட்டை அழுத்தும்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லையென்றால் கரண்ட் அங்கே போகவே இல்லை: பியூஸ், றிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), முழுதாக அறுந்த வயர், இல்லாவிட்டால் ரிமோட்டின் பற்றரி. நல்ல "டக்" கேட்டும் திறக்கவில்லையென்றால் மின்சாரம் சரி, லொக் இறுகியிருக்கிறது அல்லது மூடியை ரப்பர் விளிம்பு அளவுக்கு மீறி எதிர்த்துத் தள்ளுகிறது. ஒருவர் மூடியைக் கையால் அமத்திப் பிடிக்க மற்றவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். திறந்தால், கீழே லொக் மாட்டிக்கொள்கிற கொளுக்கியைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டினாலே போதும். என் காரில் கேட்டதுபோல மெலிந்த "டிக்" என்றால் கரண்ட் வருகிறது, ஆனால் பலம் இல்லாமல் வருகிறது. மூன்றிலும் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

அடுத்த நாள் வழக்கமாகக் காரைப் பார்க்கிற நானாவைக் கூப்பிட்டேன். எஞ்சின் வேலையில் கை தேர்ந்தவர். சொலினோயிட்டின் பிளக்கைக் கழற்றி மீற்றரை வைத்தார், என்னை ரிமோட்டை அழுத்தச் சொன்னார். பன்னிரண்டு சொச்சம் காட்டியது.

"பாத்தீங்களா டீச்சர், கரண்ட் மிச்சம் நல்லா வருது. சொலினோயிட்தான் போயிட்டு. லொக்கோட சேர்த்து மாத்திப் போடுவம். கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில சொன்னா பஸ்ஸில போட்டு விடுவாங்க."

இந்த இடத்தில்தான் எனக்குள் இருக்கிற டீச்சர் எழும்பினாள். என் வகுப்பில் வருடாவருடம் பிள்ளைகள் தடுமாறுகிற அதே கணக்கு இது.

சொலினோயிட்டின் சுருளுக்கு 1.2 ஓம் தடை என்று வையுங்கள். 12 வோல்ட் கொடுத்தால் 10 அம்பியர் ஓடும். இப்போது வழியில் எங்கேயோ ஒரு வயர் உக்கிப்போய் வெறும் 1 ஓம் தடை புதிதாகச் சேர்ந்துவிட்டது. மொத்தம் 2.2 ஓம், ஓடுவது ஏறத்தாழ ஐந்தரை அம்பியர். கரண்ட் பாதிதானே குறைந்தது என்று நினைப்போம். ஆனால் சொலினோயிட்டின் இழுவிசை கரண்டின் வர்க்கத்தோடு போகிறது. பாதி கரண்ட் என்றால் விசை கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. தண்டு அசையும், "டிக்" என்னும், நெம்பைத் தள்ளப் பலம் இருக்காது.

மீற்றர் ஏன் இதைக் காட்டவில்லை? சாதாரண டிஜிட்டல் மீற்றரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். ஒரு கோடி ஓமுக்கு முன்னால் அந்த 1 ஓம் எந்த மூலைக்கு? வயரில் ஒரே ஒரு மயிரிழைச் செம்பு மிஞ்சியிருந்தாலும் மீற்றர் முழு வோல்ட்டைக் காட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு அளப்பதில் உள்ள கேடு இதுதான். சுமை இல்லாத இடத்தில் எல்லா வயரும் நல்ல வயர்தான்.

நானாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு பழைய ஹெட்லைட் பல்ப்பைக் கேட்டேன். கராஜ்களில் எறிந்துவிடுகிற எச் 4 பல்ப்புகளில் அநேகமாக ஒரு இழைதான் எரிந்துபோயிருக்கும், மற்றது நல்லாயிருக்கும். ஹை பீம் இழை 60 வாட், 5 அம்பியர் இழுக்கும். அதுதான் நான் தேடிய சுமை. இரண்டு தடித்த வயரை அதில் பிடித்துவிட்டால் சோதனை விளக்கு தயார். கடையில் விற்கிற பேனா மாதிரியான டெஸ்டர் இதற்குச் சரிவராது, அதன் பல்ப் மிகச் சிறிது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பெரிய பல்ப்பை எஞ்சின் கம்பியூட்டரின் வயரிலோ, எயார் பேக்கின் மஞ்சள் நிற பிளக்குகளிலோ கொண்டுபோய் வைக்கக் கூடாது. டிக்கி, லைட், ஹோர்ன் போன்ற முரட்டு வேலைகளுக்கு மட்டும்தான். ஹலோஜன் பல்ப் கையைச் சுடும், சீற்றுத் துணியில் வைத்துவிட்டு மறக்கவும் கூடாது.

முதலில் சொலினோயிட்டையே விசாரித்தோம். பற்றரியிலிருந்து இரண்டு தடித்த வயரை நேரே இழுத்து ஒரு கணம் தொட்டதும் மூடியே அதிர்கிற மாதிரி "டக்!" நானாவின் முகம் மாறியது. அவர் பஞ்சிகாவத்தைக்கு எடுத்த போனை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பிறகு வழியைத் தேடுகிற வேலை. ரிமோட் கொடுக்கிற துடிப்பு ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும், அதை வைத்து நிதானமாகப் பார்க்க முடியாது. அலாரப் பெட்டியின் டிக்கி வயர் பெரும்பாலும் பலம் குறைந்த நெகட்டிவ் துடிப்பைத்தான் தரும். அதனால் நடுவில் ஒரு றிலே இருக்கவேண்டும், என் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. றிலேயைக் கழற்றி, அது பூட்டியிருந்த சொக்கெற்றில் 30 என்றும் 87 என்றும் எழுதிய இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் பின்னால் போகிற வயருக்குத் தொடர்ந்து கரண்ட் போகும். இதைச் செய்யுமுன் சொலினோயிட்டின் பிளக் கழற்றியிருக்க வேண்டும். அது ஒரு கணம் வேலை செய்யப் படைக்கப்பட்டது, தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் சுருள் கருகிவிடும்.

சொலினோயிட் இருந்த இடத்தில் பல்ப்பைக் கொடுத்தோம். மீற்றர் பன்னிரண்டு சொன்ன அதே பிளக்கில் பல்ப் பழுத்த மஞ்சளாய் மினுங்கியது. இப்போது அதன் நெகட்டிவ் வயரை மட்டும் எடுத்து, பற்றரியிலிருந்து இழுத்த நெகட்டிவில் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சம் கூடியது, ஆனால் வெள்ளையாகவில்லை. அப்படியென்றால் ஏர்த்தும், அதாவது கரண்ட் காரின் தகரம் வழியாகப் பற்றரிக்குத் திரும்புகிற இணைப்பும் பழுது, வருகிற வயரும் பழுது. மூடியை மேலும் கீழும் ஆட்டியபோது பல்ப் கண் சிமிட்டியது. நம்பர் பிளேற் லைட்டும் மாதக்கணக்காக அப்படித்தான் சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் வயர் போவது ஒரே குழாய்க்குள்ளால், மூடியின் பிணைச்சலை ஒட்டி. உங்கள் காரில் டிக்கியும் நம்பர் பிளேற் லைட்டும் ஒன்றாகக் குழப்பம் பண்ணினால் வேறெங்கும் தேடாதீர்கள், நேரே அந்த இடத்துக்குப் போங்கள்.

நெளிவுக் குழாயைப் பிளந்தால் உள்ளே நாலைந்து வயர். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அதே இரண்டங்குலம்தான் மடிகிறது, இருபத்தைந்து வருடமாக. பார்வைக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். சொலினோயிட்டுக்குப் போகிற வயர் அந்த இடத்தில் இலாஸ்டிக் மாதிரி நீண்டது. உறை இருக்கிறது, உள்ளே செம்பு இல்லை. பிளேட்டால் கீறிப் பார்த்தால் பச்சைத் தூளும் இரண்டு மூன்று கறுத்த இழைகளும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. அறுந்த இடத்திலேயே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி அனுப்புவதுதான் எங்கும் நடக்கிறது. அடுத்த வாடைக்குள் அது திரும்பி வரும். டேப்பின் பசை எங்கள் வெயிலில் உருகிக் கையில் ஒட்டும். சொல்டர் வைத்தால் அந்த இடம் விறைத்துப்போய், விறைப்பு முடிகிற எல்லையில் மறுபடி முறியும். சரியான வழி மடிகிற பகுதியை முழுதாக வெட்டி எறிவதுதான். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிணைச்சலுக்கு இந்தப் பக்கம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி தள்ளி வெட்டினேன். வெட்டிய முனையில் செம்பு கறுப்பாக இருந்தால் இன்னும் பின்னுக்குப் போகவேண்டும். ஈரம் உறைக்குள்ளே ஊர்ந்து போகும். மடியாத அந்த இடத்தில் சொல்டர் வைக்கலாம், ஆனால் கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒரு வயருக்கு மினுங்குகிற செம்பு கிடைக்கும்வரை கணிசமான தூரம் போகவேண்டி வந்தது.

புதிதாகப் போட்டது பல இழை கொண்ட மெல்லிய வாகன வயர். சொலினோயிட்டுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர், லைட்டுகளுக்கு 0.75. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரைப் போடலாமா என்று இவர் கேட்டார். சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கு அது நல்லது, மடிகிற இடத்தில் சில மாதம்கூட நிற்காது. இணைப்புகளை ஒரே இடத்தில் வராதபடி ஒன்றுக்கொன்று தள்ளிப் போட்டு, சூடு காட்டினால் சுருங்கும் குழாயை ஒவ்வொன்றுக்கும் ஏற்றினேன். கூட்டமாக வந்தால் குழாய்க்குள் நுழையாது. நுழைக்கக் கொஞ்சம் குழந்தைப் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும். வயரில் சிறிது தளர்வு விடவேண்டும், மூடி முழுதாகத் திறந்த நிலையில் அளவெடுத்தால் தவறாது.

ஏர்த்தின் கதை சுருக்கமானது. இடதுபக்கப் பின்விளக்குக்குக் கீழே ஒரு போல்ட்டில் கறுப்பு வயர்கள் சேர்கின்றன. விளக்கைச் சுற்றியுள்ள பஞ்சு உக்கி, மழைத் தண்ணீர் நேரே அதன் தலையில் வடிந்திருக்கிறது. ஸ்பெயார் வீல் குழிக்குள்ளும் தண்ணீர் நின்ற அடையாளம். போல்ட்டைக் கழற்றி, தகரத்தையும் வளையத்தையும் எமரி தாளால் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, பல் வொஷர் போட்டு இறுக்கி, மேலே வசலின் பூசினேன். வசலினை இறுக்கிய பிறகு பூசினால் போதும்.

இப்போது பல்ப்பைக் கொடுத்தால் கண் கூசியது. நானா ஒன்றும் பேசாமல் என்னுடைய சோதனை பல்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இன்னொண்டு செஞ்சு தாங்க டீச்சர்" என்றார்.

சொலினோயிட்டைப் பூட்டிய பிறகும் மூடியைச் சாத்த நான் விடவில்லை. மூடி திறந்திருக்கும்போதே ஸ்குரூட்ரைவரால் லொக்கின் நகத்தை அமத்தினால், கொளுக்கி மாட்டிக்கொண்டதாக நினைத்து அது பூட்டிக்கொள்ளும். பிறகு ரிமோட்டை அழுத்தி நகம் துள்ளித் திரும்புகிறதா என்று பார்க்கலாம். அது பத்துத் தடவை பிசகாமல் நடந்தால்தான் மூடியைச் சாத்த வேண்டும். இல்லையென்றால் தரம் 7ஐத் திரும்பவும் கூப்பிட வேண்டிவரும். அவன் இப்போது கூலி கேட்கிறான். லொக்கில் பழைய கிறீஸ் தூசியோடு சேர்ந்து களிமண்ணாகியிருந்தது, பெற்றோலில் தோய்த்த பிரஷால் கழுவி வெள்ளை லித்தியம் கிறீஸ் கொஞ்சமாய்ப் போட்டேன்.

சாவித் துவாரத்துக்குக் கிறீஸ் ஆகாது, உள்ளே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டபிள்யூ.டி. 40 அடித்து ஊறவிட்டு, சாவியைப் பலவந்தம் பண்ணாமல் ஆட்டி ஆட்டி இளக்கினேன். அது உப்பையும் ஈரத்தையும் வெளியேற்றும், ஆனால் நின்று வழுக்கல் கொடுக்காது. காய்ந்த பிறகு கிறபைற் தூள் போட்டதும் சாவி சுற்றத் தொடங்கியது. இனி சந்தைக்குப் போகிற நாட்களில் வேண்டுமென்றே சாவியால்தான் திறக்கிறேன்.

அதுவும் போதாது என்பது என் கட்சி. மின்சாரத்தால் திறக்கிற எந்தப் பூட்டுக்கும் கையால் இழுக்கிற வழி ஒன்று இருந்தே ஆகவேண்டும். முன்னால் பற்றரி இறங்கினால் டிக்கி திறக்காது, ஜம்ப் வயரோ டிக்கிக்குள் இருக்கும். சைக்கிள் கடையில் ஒரு பிரேக் கேபிளை உறையோடு வாங்கினேன். ஒரு நுனியை லொக்கின் நெம்பில் மாட்டி, அதை வயர்க் குழாய்க்குப் பக்கத்தால் பிணைச்சல் ஓரமாகக் கொண்டுவந்து, மறு நுனியைக் காருக்குள் ஒளித்துவிட்டேன். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். இவருக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும்.

பின்விளக்கின் பஞ்சை மாற்ற ஒரு ரப்பர் பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன் அதை ஒட்டிவிட்டு, ஒருவரை உள்ளே டோச் லைட்டோடு இருத்தி வெளியில் ஹோஸால் தண்ணீர் அடித்துப் பார்க்கவேண்டும். உள்ளே யார் இருப்பது என்பதில் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.